தாங்கிய நாள்

ஆவுடையப்பன் மூன்றாம் முறையாக மலை ஏறினார். தலையில் அதே தகரப் பெட்டி. பெட்டியில் அதே பூட்டு.

ஊட்டியைத் தாண்டி, பஸ் திரும்புகிற கடைசி இடத்திலிருந்து இன்னும் ஒரு மைல் இறங்கி நடந்தால் ஒரு பள்ளம் வரும். மலையில் விழுகிற பனியெல்லாம் உருண்டு வந்து தங்குகிற இடம் அது. அங்கே போய் ஒரு மடத்தைக் கட்ட வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. கட்டிவிட்டார்கள்.

மடத்துக்கு ஒரே விதி. முதல் உறைபனி விழுந்த நாளிலிருந்து மாசிச் சிவராத்திரி வரை மலையைவிட்டுக் கீழே இறங்காமல் இருப்பவருக்குத் தீட்சை. நடுவில் இறங்கினால் அடுத்த வருஷம் வந்து மறுபடி முயலலாம். ஆனால் மூன்று முறைதான். மூன்றாவது முறையும் இறங்கிவிட்டால் அந்த வாசல் அவருக்கு இல்லை.

இருந்து முடித்தவர்கள் கூடத்து உத்தரத்தில் தங்கள் பெயரையும், பனியைத் தாங்கிய நாட்களையும் கரியால் எழுதிவிட்டுத் தீட்சை வாங்குவது வழக்கம்.

ஆவுடையப்பன் தூத்துக்குடி உப்பளத்தில் முப்பத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். சித்திரை வெயிலில் குடை பிடிக்காமல் நின்ற மனுஷன். மனைவி சிவகாமி போன பிறகு வீடு வீடாக இல்லை. ஏதாவது ஒன்றையாவது கடைசிவரை நின்று முடித்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்தது. முதல் வருஷம் பத்தொன்பதாம் நாள் இறங்கினார். இரண்டாம் வருஷம் முப்பத்து மூன்றாம் நாள்.

இந்த முறை பஸ் ஏற்றிவிட வந்த மச்சினன் முத்தையா சும்மா இருக்கவில்லை. "அத்தான், ரிட்டன் டிக்கெட்டும் சேத்து எடுத்துருவமா?" என்றான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

மடத்தின் தலைவி செங்கமலத்தம்மை. ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆவுடையப்பன் உள்ளே வந்தபோது அம்மை வெயிலில் உட்கார்ந்து, டீ டம்ளரைக் கன்னத்தில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா அண்ணா? மொதல்ல டீ குடிங்க."

"ஒரு கேள்வி இருக்கும்மா."

"டீ ஆறிடும்ங்க."

ஆவுடையப்பன் டீயைத் தொடவில்லை. "பனிய ஜெயிக்கதுக்கு என்னம்மா வழி?"

அம்மை பெட்டியைப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"கம்பளி, காலுறை, உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு."

"எப்பத் தொறப்பீங்க?"

"தாங்க முடியாத அன்னைக்கு."

"முந்தி ரெண்டு வாட்டியும் தாங்க முடியாமத்தானே எறங்குனீங்க?"

"ஆமா."

"அப்பவும் தொறக்கலீங்களா?"

"இன்னைக்கே எல்லாத்தையும் தீத்துட்டா, நாளைக்கு இதவிடக் கூடக் குளுந்தா என்ன செய்ய? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்லா."

"நீங்க இன்னும் ஆத்துல போடவே இல்லீங்களே அண்ணா" என்றார் அம்மை. டம்ளரை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

நான்காம் நாள் விடியலில் புல் முழுக்க உப்புப் பூத்தது போல வெளுத்துக் கிடந்தது. முதல் உறைபனி. ஆவுடையப்பன் தம் அறைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கோடு. கோடு போட்டுவிட்டு, தோளில் வெறும் துண்டோடு பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தார். வாய்க்குள் பல் தந்தியடித்தது. வெளியே மட்டும் மேஸ்திரியின் முறைப்பு குறையவில்லை.

அம்மையின் பிழைப்போ வேறு மாதிரி இருந்தது. ராத்திரி அடுப்பின் மேல் புடவையை மடித்து வைத்து, காலையில் சூட்டோடு உடுத்துவார். அடுப்பில் கிடந்த கல்லைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வார். பள்ளத்தில் வெயில் வருவதே ஒன்பதரைக்குத்தான். அதுவும் ஒரு பாய் அகலத்துக்குத்தான் விழும். சுவரோரம் விழும் அந்த வெயில் நகர நகர, ஆய்கிற கீரையை முறத்தோடு இழுத்துக்கொண்டு அவரும் நகர்வார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஆவுடையப்பனுக்கு இது பிடிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கேட்டே விட்டார்.

"துறவிக்கு இவ்வளவு சொகம் ஆகுமாம்மா?"

அம்மை தம் டம்ளரை அவரிடம் நீட்டினார். ஆவுடையப்பன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். நாக்கு வெந்துவிட்டது.

"எப்படி இருந்துச்சுங்க?"

"டீதானம்மா."

"சரிங்க" என்று அம்மை வெயிலோடு நகர்ந்தார்.

சமையலைப் பார்த்துக்கொண்டவர் போஜன். மலையிலேயே பிறந்த மனுஷர். ஒருநாள் கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது ஆவுடையப்பன் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். தொண்ணூற்று இரண்டு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றேழு என்று வரிசையாகப் பெயர்கள். நடுவில் ஒன்று மட்டும் ஒட்டாமல் நின்றது. 'செங்கமலம் — 67.'

"அந்த வருசம் பனி கொறச்சலோ?"

"நீங்க வேறங்க. அந்த வருசந்தான் குழாய்க்குள்ள தண்ணி ஒறஞ்சு குழாயே வெடிச்சுதுங்க."

"அப்போ பிந்தி வந்தாகளோ?"

"எங்களுக்கெல்லாம் முந்தி வந்து உக்காந்தவங்க அவங்க."

ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மார்கழி பாதியைத் தாண்டியது. முப்பத்து மூன்றாவது கோட்டைப் போட்டபோது அவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. முத்தையா முகத்தை நினைத்துக்கொண்டார். ஆனால் முப்பத்தெட்டிலிருந்து மூன்று நாள் வெயிலே தலை காட்டவில்லை. தொட்டித் தண்ணீரின் மேலே ஆடை கட்டிக் கெட்டியாகி, போஜன் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தார். ஆவுடையப்பனின் விரல்கள் மரத்துப்போயின. தூக்கம் போயிற்று.

"இன்னும் எவ்வளவு நாள் இப்படி இருக்கும், போஜா?"

"இது என்னங்க பனி? தைப்பனி தரையத் தொளைக்கும், மாசிப்பனி மச்சத் தொளைக்கும்பாங்க. அது ரெண்டும் இனிமேத்தானுங்க வரணும்."

அன்றோடு அவருடைய வைராக்கியம் கழன்றுவிட்டது.

மறுநாள் காலை நாற்பத்தொன்றாவது கோட்டைப் போட்டார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். கூடத்துக்கு வந்து அம்மை முன்னால் நின்றார். கண்ணை நிமிர்த்தவே முடியவில்லை.

"நான் எறங்குதேம்மா."

"மூணாவது வாட்டி. தெரியுமுங்களா?"

"தெரியும்மா. முடியல."

அம்மை தடுக்கவில்லை. "பஸ் பதினொண்ணுக்குத்தான். உக்காருங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "எறங்கறதுன்னு ஆயிப்போச்சு. இனி உங்களுக்கு இங்க நாளைக்குன்னு ஒண்ணு இல்லீங்க. அந்தப் பெட்டிய இப்பவாச்சும் தொறக்கலாம்லீங்க?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். மறுப்பதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

சாவி பூட்டில் திரும்பவில்லை. துரு. போஜன் அம்மிக்குழவியைக் கொண்டுவந்து ஒரு போடு போட்டார்.

கருப்பட்டி இரண்டு கோடை தூத்துக்குடியில் இளகி, மூன்று பனி மலையில் இறுகி, ஒரு காலுறையை முழுசாக விழுங்கி வைத்திருந்தது. போஜன் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டார். அதற்கு அடியில் கம்பளி. கடைக்காரன் குத்திய சீட்டு இன்னும் அதில் தொங்கியது. பிரித்தால், மடிப்புக்கு மடிப்பு பூச்சி அரித்த ஓட்டை.

ஆவுடையப்பன் அதை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"நல்ல கம்பளிங்க" என்றார் அம்மை.

"சிவகாமி வாங்குனதும்மா. ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா. ரிட்டையர் ஆகட்டும், போவோம்னேன். பதினோரு வருசம் பிரிக்காம வெச்சிருந்தா. அவளும் போயிட்டா." வாய்விட்டு அழுதார். உப்பளத்தில் ஒருவரும் பார்த்திராத அழுகை.

அம்மை ஆறுதல் சொல்லவில்லை. கருப்பட்டியைக் காலுறையிலிருந்து கத்தியால் பெயர்த்தார். சுக்கைத் தட்டினார். ஆவுடையப்பன் அழுது முடிக்கும்போது அவர் கையில் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி இருந்தது. சூடு விரலில் ஏறியது. ஆவுடையப்பன் குடிக்கவில்லை. முதலில் கன்னத்தில் ஒற்றினார். பிறகு நெற்றியில். பிறகு அந்தக் கன்னத்தில். உள்ளங்கையில் உயிர் திரும்புவது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு வாய் குடித்தார். கருப்பட்டி கருப்பட்டியாகவே இருந்தது.

மூன்று நாளாக மறைந்திருந்த வெயில் சுவரோரம் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்தது. அம்மை போய் உட்கார்ந்தார். ஆவுடையப்பனும் ஓட்டைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள். மேலே பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அண்ணா, பஸ்" என்றார் அம்மை.

"கெடக்கட்டும்மா. நாளைக்குப் போவோம்."

வாழ்நாள் முழுக்க நல்லதையெல்லாம் நாளைக்குத் தள்ளிய மனுஷன், முதல் தடவையாக ஓட்டத்தை நாளைக்குத் தள்ளினார். மறுநாளும் ஹாரன் கேட்டது. அன்றைக்கும் நாளைக்கு என்றார். அதற்கு மறுநாள் ஹாரன் அவர் காதில் விழவே இல்லை.

கருப்பட்டியை ஒன்பதே நாளில் எல்லாருமாகத் தின்று தீர்த்தார்கள். தீர்ந்த அன்று ஆவுடையப்பன் பதறவில்லை. சாம்பலுக்குள் சுட்ட உருளைக்கிழங்கின் தோல்தான் கிழங்கைவிட ருசி என்று கண்டுபிடித்திருந்தார். மடத்து நாய் படுத்து எழுந்த சாக்கு அரைமணி நேரம் சூடாக இருக்கும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. நாயை விரட்டிவிட்டு அதில் இவர் படுத்தார். நாய் கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்து, இவர் காலோடு ஒட்டிப் படுத்தது. இரண்டு பேருக்கும் அது லாபம். அன்றிலிருந்து அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது.

தைப்பனி வந்தது. சொன்னபடி தரையைத் துளைத்தது. ஆவுடையப்பன் சூட்டுக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு, கம்பளி ஓட்டைகளைப் போஜனுடைய பழைய ஸ்வெட்டர் நூலால் அடைத்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அகப்பட்ட நூல். மாசிப்பனியும் வந்து மச்சைத் துளைத்துப் பார்த்தது. மச்சுக்குக் கீழே ஒரு மேஸ்திரி வெதுவெதுப்பான வேட்டியை உடுத்திக்கொண்டு, உப்பளத்துப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை. ஆனாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். அப்படியே போயிற்று. மறுநாள் காலை புல் பச்சையாக இருந்தது. போஜன் உத்தரத்தில் ஏணியைச் சாய்த்தார். அம்மை கரித்துண்டை நீட்டினார்.

"எத்தனை நாள் தாங்குனீங்க அண்ணா?"

"இருங்கம்மா. பாத்துட்டு வாரேன்."

அறைக்கு ஓடினார். சுவரில் விரல் வைத்துக் கோடுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பத்தொன்றுக்கு மேல் சுவர் வெறுமையாகக் கிடந்தது.

மெல்ல நடந்து கூடத்துக்கு வந்தார்.

"நாப்பத்தொண்ணோட நிக்கிம்மா."

"அட, மொதல் பனியிலிருந்து இன்னைக்கு வரைக்கும் தொண்ணூத்து மூணு நாளுங்க" என்றார் போஜன். "நான்தான் தெனமும் பொங்கிப் போட்டேனே. எழுதுங்க."

ஆவுடையப்பன் ஏணியில் கால் வைத்தார். கால் ஏறவில்லை. மூன்று வருஷம் ஏங்கிய தீட்சை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு எண்ணை எழுதினால் போதும். ஆனால் மனசு ஒப்பவில்லை.

"பொய் எழுத மாட்டேம்மா."

"என்ன பொய்ங்க?"

"நாப்பத்தொண்ணு நாள் தாங்குனது நெசம். பல்லக் கடிச்சிக்கிட்டு, ஒவ்வொரு நாளும் தாங்குனேன். அதுக்கு அப்புறம்..." ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். "நாய்கூடப் படுத்துக் கெடந்தேன். கெழங்குத் தோலத் தின்னேன். வெயில்ல நகந்துக்கிட்டே இருந்தேன். பாட்டுப் படிச்சேன். தாங்குனேன்னு சொல்லுததுக்கு ஒரு நாளும் ஞாபகத்துல வரலம்மா. தீட்சை இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க."

போஜன் ஏணியைப் பிடித்தபடி அம்மையைப் பார்த்தார்.

அம்மை உத்தரத்தைப் பார்த்தார். தம் பெயர் இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கரித்துண்டை ஆவுடையப்பன் கையில் வைத்து, அவர் விரல்களை மூடினார்.

"நாப்பத்தொண்ணுன்னே எழுதுங்க அண்ணா. எனக்கு அறுவத்தேழு ஆச்சு."