மூட்டத்துக்குள் ஒரு சாமியார்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பால்குடித்த காலத்தில் சிம்மகேது என்றொரு ராஜா இருந்தான். அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கேட்டுப் பாருங்கள், அவனே சொல்வான்.

அரண்மனைத் தோப்பில் கரிக்காக ஒரு வேலமரத்தை வெட்டினான் என்று, கரிமூட்டம் போடும் நல்லானைப் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். தலையை எடுக்க நாளும் குறித்தாயிற்று. அவன் பெண்டாட்டி மாராயி சபைக்கு ஓடினாள்.

"மகராசா, இனி மரமே வெட்ட மாட்டோம். பருத்திமார், எள்ளுத்தட்டை, தென்னைமட்டை, இதுலயே கரி போட்டுத் தாரேன். அவரை விட்டுடுங்க."

"குப்பையில் கரியா?" ராஜா சிரித்தான். மந்திரி அதைவிடப் பலமாகச் சிரித்தார், சம்பளமே அதற்குத்தான். "மூன்று மூட்டம் போடு. ஒன்றிலாவது கரி வந்தால் புருஷன் உனக்கு. வராவிட்டால் தலை எனக்கு."

மாராயி குப்பையை அடுக்கித் தீ வைத்து, புகை போக மட்டும் வழி விட்டு, ஈரமண் பூசி மூடினாள். "நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. காத்து உள்ள போனா அத்தனையும் சாம்பலாயிடும்" என்று கும்பிட்டுச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மந்திரி வந்தார். உள்ளே மரத்தை ஒளித்திருப்பாளோ என்று சந்தேகம். கம்பியால் குத்தித் திறந்தார். குப்பென்று பற்றிச் சாம்பலானது.

இரண்டாவது மூட்டத்தை ராஜாவே திறந்தான். சந்தேகமெல்லாம் இல்லை, சும்மா இருக்க முடியவில்லை. அதுவும் சாம்பல். "நான் அப்போதே சொன்னேனே" என்றான்.

மாராயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்றாவது மூட்டத்தைப் பூசி முடித்தாள். சாம்பலுக்குத்தான் பஞ்சமில்லையே, அதை அள்ளி மூட்டத்தின் மேல் மூன்று பட்டை போட்டு, ஒரு செம்பருத்தியும் வைத்தாள்.

"உள்ள ஒரு சாமியார் தவத்துல இருக்கார். கலைச்சா சாபம்" என்றாள்.

மந்திரி பத்தடி தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று முறை வலம் வந்தான். புகை வெள்ளையாக வந்தபோது "ஆகா, தவம்" என்றார்கள். நீலமாக வந்தபோது "ஆகா, தவம் முற்றிவிட்டது" என்றார்கள். ஒருவர் விரலும் மூட்டத்தில் படவில்லை.

புகை நின்று மூட்டம் ஆறியதும் மாராயி மண்ணை உடைத்தாள். கொட்டியது அத்தனையும் கரி, தட்டினால் கணீரென்றது.

"சாமியார் எங்கே?" என்றான் ராஜா.

"அப்படி யாரும் இல்ல மகராசா. கரி போடுறவ சொன்னப்ப நீங்க கேக்கல. இல்லாத சாமியாருக்குப் பயந்து கேட்டீங்க. என் புருஷனை அனுப்புங்க."

சபையறியக் கொடுத்த வாக்கு. ராஜா நல்லானை அனுப்பிவைத்தான்.

ஆகவே, தொழில் தெரிந்தவர் சொல்லை, அவர் கையில் கரி ஒட்டியிருந்தாலும், முதல் தடவையே கேட்டுக்கொள்ள வேண்டும்.