சபைக்கு மட்டும் தெரிந்த வழி

ஏரிக்கரைக் கருவேல மரங்களில் பறவைகளுக்கெல்லாம் கூடு பின்னிக் கொடுத்தது ஒரு தூக்கணாங்குருவி. கூட்டின் வாசல் தண்ணீருக்கு மேலே நீண்டு தொங்கும். அதற்குள் நுழையப் பார்த்த சாரைப்பாம்பு எத்தனையோ முறை ஏரியில் விழுந்திருக்கிறது.

ஒருநாள் மைனாவின் மூத்த குஞ்சு காணாமல் போனது.

"ஐயோ, என் பிள்ளையை எவனோ தூக்கிப்போய் ஏதோ ஒரு கூட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான்! உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரிவதில்லையே!" என்று மைனா கதறியது.

பறவைகள் கூடித் தேர்ந்தெடுத்த சபைக்குத் தலைவர் மயில். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனசுக்காரர்தான். மைனாவின் அழுகையை அவரால் தாங்க முடியவில்லை. குருவியைக் கூப்பிட்டார்.

"எல்லாக் கூட்டுக்கும் முதுகுப்பக்கம் ஒரு துளை வை. மேலே இலையைச் செருகிவிடு. சபைக்கு மட்டும் தெரிந்தால் போதும்!"

"ஐயா, யார் மேல் சந்தேகம்? சொல்லுங்கள், அந்தக் கூட்டை எல்லார் முன்னாலும் நானே பிரித்துக் காட்டுகிறேன். எல்லாக் கூட்டிலும் துளை வேண்டாம். வருவது காவலரா கள்ளனா என்று துளைக்குத் தெரியாது" என்றது குருவி.

"ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க எங்கே நேரம்? உன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்!"

சபை கூடியது. துளை வேண்டும் என்பவர்கள் சிறகைத் தூக்கினார்கள். முதலில் தூக்கியது சபையில் இருந்த மைனாதான்.

குருவி கடைசிவரை மறுத்துவிட்டது. அதனால் சபையின் காவல்கார மரங்கொத்தியே துளை போட்டது. தேடச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாக் கூட்டிலும் ஒரே இடத்தில் போட்டது. இப்படியும் ஒரு மடத்தனம் உண்டா!

கூடு கூடாகத் தேடினார்கள். குஞ்சு கிடைக்கவில்லை.

புதருக்குள்ளிருந்து சாரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கூட்டைப் பார்த்ததே போதும், மற்ற கூடுகளும் அதற்குத் தெரிந்துவிட்டன. மறுநாள் அது வாசல் பக்கமே போகவில்லை. மேல்கிளையிலிருந்து இறங்கி, இலையைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நீட்டியது.

இரை தேடித் திரும்பிய மைனா கூட்டைப் பார்த்தது. மீதமிருந்த இரண்டு குஞ்சுகளும் இல்லை. பக்கத்துக் கூடுகளிலும் ஒரே ஓலம்.

மயில் பதறி ஓடிவந்தார். "துளைகளை அடை, குருவி! சீக்கிரம்!"

குருவி நார் எடுத்து வந்தது. மைனா அதைத் தடுத்தது.

"என் கூட்டை விட்டுவிடு, அண்ணே. உள்ளே யார் இருக்கிறார்கள், நீ அடைத்துக் காப்பாற்ற? சிறகைத் தூக்கியதும் நான்தானே!"

மயில் தலையைக் குனிந்துகொண்டார்.

நல்லவர்கள் மட்டும் நுழைகிற வழி என்று ஒன்றைத் திறக்க நாமே தேர்ந்தெடுத்த அரசாலும் முடியாது. கள்ளனைத் தேடுவதற்காக எல்லார் வீட்டுக் காவலையும் உடைத்தால் அந்த வழியில் கள்ளனும் வருவான்.