வரவில்லை என்று எழுதிய சீட்டு

உலகம்மை மடத்துக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் ரேஷன் கடையில் பில் போட்டவர். ஞானம் அங்கேயே வந்துவிட்டது, இங்கே வந்தது உட்கார்வதற்குத்தான் என்று சொல்வார். அவருக்கு வயது நாற்பது. ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடம் பெரியம்மாவிடமிருந்து அவருக்கு வந்தது.

சீடர்களில் வயதில் மூத்தவர் நல்லபெருமாள். ஐம்பத்தொன்பது முடிந்தவர், தாசில்தார். தாலுகாவில் அவரைக் கண்டால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். மடத்தில் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ஏழு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறியதில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வருகிறவர்கள் ஒரு சீட்டில் பெயர் எழுதிப் பித்தளைத் தட்டில் போட வேண்டும். அம்மா என்று எல்லாரும் அழைக்கும் உலகம்மை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் சீட்டில் ‘வரவில்லை’ என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அடுத்த செவ்வாய்தான். ரேஷன் கடைப் புத்தி போகவில்லை என்று சிலர் முணுமுணுப்பார்கள். அவர் காதில் அது விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்லபெருமாள் லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்கே வந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். உலகம்மை முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, முகம் சரியில்லையே?”

“நாளைக்குச் சுடலைவடிவு விசாரணைம்மா. கடைசித் தடவை.”

“யாரு அது?”

“புருஷன் செத்துப்போன பொம்பள. இருக்க வீட்டுக்குப் பட்டா கேக்கா. கொழுந்தன் தனக்குன்னு கேக்கான். மூணு தடவை கூப்பிட்டாச்சு. மூணு தடவையும் காலையில ஒம்பது மணிக்கே வந்து நோட்டுல கையெழுத்துப் போடுதா. பேரைக் கூப்பிடுத நேரத்துல ஆளக் காணோம். அப்புறம் வேர்த்து விறுவிறுத்து ஓடியாரா. எங்க போனன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிடுதா.”

“நீங்களா கேட்டிய?”

“தலைமை எழுத்தர் கேட்டாரு. சத்தமாத்தான் கேட்டாரு. வராந்தா முழுக்கக் கேட்டுது.”

உலகம்மை அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

“நாளைக்கும் இல்லன்னா வரலைன்னு எழுதி மூடியாகணும். வீடு கொழுந்தனுக்குப் போயிரும். ரெண்டு பிள்ளைகளோட அவ தெருவுலதான் நிக்கணும். இது ஒண்ணு மட்டும் இல்லம்மா. போன வருஷம் வரலைன்னு மூடின மனு நாப்பத்தொண்ணு. அதுல முப்பத்து மூணு பொம்பளைகளோடது. ஏன்னு மேல இருந்து கேட்டுருக்காங்க.”

“பதில் எழுதியாச்சா?”

“எழுத்தர் எழுதி வச்சிருக்காரு. பெண்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப்படும்னு. கையெழுத்துப் போட எனக்குத்தான் கை வரல.”

“ஏன் வரல?”

“தனி வரிசை வச்சேன். நாற்காலி போட்டேன். பெண்களுக்கு முன்னுரிமைன்னு ஆள் உயரத்துக்கு போர்டு வச்சேன். விழிப்புணர்வு இல்லாதவ ஒம்பது மணிக்கு எதுக்கு வரணும்? வந்தவ ஏன் இருக்க மாட்டேங்கா? அது தெரியாம நாளைக்கு அந்த நாற்காலியில உக்கார எனக்குப் பயமா இருக்கு.”

“பெரிய கேள்வியாத்தான் இருக்கு. சீட்டுப் போட்டுட்டு உக்காருங்க. முறை வரும்போது பதில் சொல்லுதேன்.”

நல்லபெருமாள் சீட்டுப் போட்டார். கூடத்தில் அவருக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்து ஒரு செம்பு நிறைய மோர் வந்தது. வெயில் நேரம், நல்ல மோர். குடித்தார். அரை மணி கழித்து உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு வந்தது. மடத்தில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. அதையும் குடித்தார். அடுத்து வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் வந்தது. அம்மா உங்களுக்கென்று சொல்லி அனுப்பினார் என்றாள் சமையல்காரப் பிச்சம்மாள்.

பன்னிரண்டு மணிக்கு அவருக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஏழு வருஷத்தில் அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டென்றே அவருக்குத் தெரியாது.

“சாவி எங்க?” என்று பிச்சம்மாளிடம் கேட்டார்.

“அம்மாகிட்ட இருக்கு. சுத்தமா இருக்கட்டும்னு பூட்டச் சொன்னாவ.”

திரும்பி வந்து உட்கார்ந்தார். மூன்று பேர் இருந்தார்கள். ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் வாழைத்தோப்பு. போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். உள்ளே இருந்த ஆள் தன் மகள் கல்யாணத்தைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தான். கல்யாணம் நின்று தொலைந்தாலும் பரவாயில்லை, இவன் வெளியே வந்தால் போதும் என்று தாசில்தாருக்கு ஆத்திரமாக வந்தது.

சுடலைவடிவு, கொழுந்தன், நாளைக்கு விசாரணை, எல்லாம் மறந்துபோயிற்று. தொடையை இறுக்கிக்கொண்டு தரையிலிருந்த கோலப்புள்ளிகளை எண்ணினார். இரண்டு பேர் இருந்தார்கள், பிறகு ஒருவர். நெற்றி வேர்த்தது. இதற்கு மேல் முடியாது என்றானதும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. உலகம்மை கூடத்து வாசலில் நின்றிருந்தார். கையில் அவருடைய சீட்டு.

“நல்லபெருமாள்னு மூணு தடவை கூப்பிட்டேன். ஆள் இல்ல.”

“இப்ப வந்துட்டேன்மா.”

“எங்க போயிருந்திய?”

சத்தமாகத்தான் கேட்டார். கூடத்தில் ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார்.

உலகம்மை சீட்டில் ‘வரவில்லை’ என்று எழுதினார். “அடுத்த செவ்வாக்கெழம வாங்க.”

“அம்மா, நாளைக்கு விசாரணை. அடுத்த செவ்வாக்கெழம நான் பதிலை வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

“கூப்பிட்ட நேரத்துல இல்லியே.”

நல்லபெருமாள் அந்த மடத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார்.

“வரலைன்னு எழுதாதீங்கம்மா. அது பொய். நான் வந்தேன். காலையிலேருந்து இருந்தேன். இருக்க முடியாம பூட்டி வச்சது நீங்க. எழுதணும்னா அதை எழுதுங்க.”

“சரி” என்றார் உலகம்மை. சீட்டைத் திருப்பி, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார். மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உங்க ஆபீஸ்ல பொம்பளைகளுக்கு ஒதுங்க இடம் இருக்கா, அண்ணாச்சி?”

“இருக்கு. போன சித்திரையில கட்டினது. டைல்ஸெல்லாம் போட்டு. நான்தான் ரிப்பன் வெட்டினேன்.”

“சாவி?”

நல்லபெருமாளின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. சாவிக்கொத்து அங்கே இருந்தது.

“ஆய்வுக்கு வாரவங்க பாப்பாங்க. அதுவரைக்கும் அழுக்காகாம இருக்கட்டும்னு...”

உலகம்மை பிச்சம்மாளைக் கூப்பிட்டுப் பின்கட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நல்லபெருமாள் ஆபீஸில் இருந்தார். காவலாளி பதறிப்போய்ச் சட்டையைத் தேடினான். தாசில்தார் நேராகக் கட்டடத்தின் பின்பக்கம் போய் அந்தப் பூட்டைத் திறந்தார். உள்ளே குழாயில் சுற்றிய பிளாஸ்டிக் காகிதம் அப்படியே இருந்தது. திருகிப் பார்த்தார். காற்று வந்தது. தொட்டியிலிருந்து இன்னும் இணைப்பே கொடுக்கவில்லை. ரிப்பன் வெட்டிய அன்று குழாயைத் திருகிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான். இரண்டு டிரம்மில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பூட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிக்குச் சுடலைவடிவு வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டாள். ஒட்டிப்போன முகம். மஞ்சள் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. கொழுந்தன் நான்கு ஆட்களோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான்.

பத்து மணி வாக்கில் ஜன்னல் வழியாக நல்லபெருமாள் பார்த்தார். ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பின்பக்கம் போனாள். யாரும் அதட்டவில்லை என்று தெரிந்ததும் இன்னொருத்தி போனாள். பிறகு பாட்டில் மூடிகள் திறந்தன.

பன்னிரண்டே முக்காலுக்குத் தலைமை எழுத்தர் கூப்பிட்டார்.

“சுடலைவடிவு.”

வரிசையில் அவள் இருந்த இடம் காலியாக இருந்தது.

“சுடலைவடிவு.”

கொழுந்தன் மரத்தடியிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டான். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் தாசில்தார்.

“விதி மூணு தடவைதான் சார்.”

“மூணாவது தடவையை இன்னும் கூப்பிடலயே.”

எழுத்தர் மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது, பின்பக்க வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

“இருக்கேன்யா. இங்கதான் இருக்கேன்.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மஞ்சள் பையிலிருந்து பத்தொன்பது வருஷத்து வீட்டு வரி ரசீதுகளை எடுத்து வைத்தாள். எல்லாம் அவளுடைய பெயரிலும் புருஷன் பெயரிலும் இருந்தன. கொழுந்தனிடம் வாய்தான் இருந்தது, காகிதம் இல்லை. அரை மணியில் விசாரணை முடிந்தது. பட்டா அவள் பெயருக்கு என்று நல்லபெருமாள் கையெழுத்துப் போட்டார்.

முந்தைய மூன்று தடவையும் எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. அவளே வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னாள்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வர அரை மணி ஆகும்யா. இன்னைக்கு ஆகல.”

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அலமாரியைத் திறக்கும்வரை இருந்தது. அந்த முப்பத்து மூன்று மனுக்களும் அங்கே ஒரே கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் கடைசித் தாளிலும் ‘மனுதாரர் வரவில்லை’ என்று எழுதி, அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்” என்றார்.

“மூடினதைத் திறக்கணும்னா காரணம் எழுதி மேல அனுப்பணும் சார்” என்றார் எழுத்தர். “நிர்வாகக் காரணம்னு போட்டுருவோம். யாருக்கும் வம்பில்ல. அந்த விழிப்புணர்வுக் கடிதாசியிலயும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது.”

நல்லபெருமாள் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். ஒரு பெண் தன் பெயருக்குத் தனி ரேஷன் கார்டு கேட்டிருந்தாள். நான்கு தடவை கையெழுத்துப் போட்டு, நான்கு தடவை வராமல் போனவள். அவள் இப்போது எங்கே என்று கேட்டார். ஊரைவிட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றார் எழுத்தர்.

அன்று சாயங்காலமே நல்லபெருமாள் மடத்துக்குப் போனார். செவ்வாய்க்கிழமை இல்லை, கூட்டமும் இல்லை. உலகம்மை முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சுடலைவடிவு இருந்தாளா?”

“இருந்தாம்மா. வீடு அவளுக்குத்தான்.”

“பெறகு ஏன் முகம் இப்படி இருக்கு?”

“முப்பத்து மூணையும் திறக்கணும்மா. காரணம் எழுதணும். உள்ளதை எழுதினா என் கையாலயே என் மேல எழுதுன மாதிரி. ஒரு வருஷம் சாவி யார்கிட்ட இருந்துதுன்னு கேப்பாங்க. நான் ரிட்டயராக இன்னும் பதினோரு மாசந்தான் இருக்கு. இதுவரைக்கும் ஒரு விளக்கம் கேட்டுக் காகிதம் வந்ததில்ல. பயமா இருக்கும்மா.”

“எழுத்தர் என்ன சொல்லுதாரு?”

“நிர்வாகக் காரணம்னு போடச் சொல்லுதாரு.”

உலகம்மை கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

“நீங்க சொல்லுங்கம்மா. என்ன எழுத?”

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். ஒரு பக்கம் ‘வரவில்லை’ என்றிருந்தது. அவர் அதைத் திருப்பி, ‘நான் வந்தேன். காலையிலேருந்து இருந்தேன். இருக்க முடியாம பூட்டி வச்சது நீங்க’ என்றிருந்த மறுபக்கம் தெரியும்படி நல்லபெருமாள் கையில் கொடுத்தார்.

“நேத்து நீங்க சொல்லச் சொல்ல எழுதினதுதான். பேரை மட்டும் மாத்திக்கிடுங்க, அண்ணாச்சி.”