களிமண் வாங்கிக்கொண்ட அடி

அந்தக் காலத்தில், கல்லும் மண்ணும்கூட வாய் ஓயாமல் பேசிய காலத்தில், உலகத்தில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. யார் வந்து மோதினாலும், வாங்கிய வேகத்தைத் துளிகூட வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படியே அடுத்தவர் தலையில் கட்டிவிட வேண்டும். கல் ஆட்டை இடிக்கும், ஆடு நரியை இடிக்கும், நரி ஆமையை இடிக்கும். இந்தக் கூத்துக்கு மரியாதை என்று பெயர் வேறு! ஒருத்தருக்காவது நிம்மதி உண்டா?

மலையடிவாரத்தில் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கூடு கட்டத் தெரியாதவள், வெறுந்தரையில்தான் இடுவாள். போன தடவை இட்டவை உருண்டு வந்த கல்லில் நொறுங்கிவிட்டன. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு மலைமேல் கடகடவென்று சத்தம். பானைப் பருமனில் ஒரு கல் நேராக அவளை நோக்கி வந்தது.

"ஐயோ, கல்லண்ணே, ஒதுங்கிப் போங்க! என் பிள்ளைங்க இருக்கு!"

"நானா வர்றேன்? மேலே ஒருத்தன் இடிச்சான், வர்றேன். வழக்கத்தை மீற என்னால ஆகாது, தாயி!"

கையே இல்லாத குருவிக்கும் கை கால் ஓடவில்லை. முட்டைகளுக்கு முன்னால், மழையில் நனைந்து மெத்தென்று கிடந்த களிமண்ணிடம் ஓடினாள்.

"அக்கா, உன்னைத்தான் முதல்ல இடிக்கும். நீ தள்ளிவிட்டா அது என் பிள்ளைங்க தலையிலதான் விடியும். நீயே வச்சுக்கக்கா!"

"வச்சுக்கிட்டா என் உருவமே போயிடுமேடி. ஊர் என்ன பேசும்?"

குருவி அதற்குமேல் கெஞ்சவில்லை. போய் முட்டைகளின் மேல் சிறகை விரித்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் களிமண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

தொப்!

கல் துள்ளவில்லை. பாதி உடம்பு களிமண்ணுக்குள் புதைந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு மெல்ல முன்னால் வழுக்கின. முட்டைகளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டன.

குருவி கண்ணைத் திறந்தாள். "அவ்வளவு வேகமும் எங்கேக்கா போச்சு?"

"கொஞ்சம் சத்தமாப் போச்சு. மிச்சத்தை முழுங்கிட்டேன். அதான் இப்படிப் பள்ளமாயிட்டேன். தொட்டுப் பாரு, உடம்பெல்லாம் சுடுது."

தொட்டாள், வெதுவெதுவென்று இருந்தது. அழுதுகொண்டே முட்டைகளைக் களிமண்ணின் ஓரமாக நகர்த்தி வைத்தாள். அந்தச் சூட்டில் ஒரு முட்டை லேசாக விரிசல் விட்டு, உள்ளிருந்து ஒரு குஞ்சு அலகை நீட்டியது.

"அப்பாடா!" என்றது கல். "பிறந்ததிலிருந்து இப்பதான் நிக்கிறேன்."

இதைக் கேள்விப்பட்டு மணல், மரம், கடைசியில் இரும்புகூட, "நாங்களும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறோம்" என்றன.

அன்று முதல்தான் எது எதோடு மோதினாலும், அந்த வேகத்தில் ஒரு பங்கு சத்தமாகவும் சூடாகவும் அடங்கிப்போகிறது. களிமண் மட்டும் தன்னால் முடிந்த மட்டும் வாங்கிக்கொண்டு, இடித்தவனையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.