மஸ்கோத் அல்வாவின் முதல் துண்டு

ஓர் அல்வாப் பொட்டலம், மூன்று வாய்கள். வழக்கு இவ்வளவுதான். தீர்ப்பு உங்களுடையது, ஆகவே சாட்சியங்களில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

திருநெல்வேலிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ஆவுடைநாயகி என்றோர் ஆய்வாளர். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வை விடாதவள். ("இன்னும் பாஸாகலையாட்டி?" என்பது அவள் அம்மாவின் தீராத ஐயம்.) எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்பதே ஆய்வு.

இசக்கி அப்படியொரு தாய். கருவுற்ற நாளிலிருந்து எச்.ஐ.வி. மாத்திரையைத் தவறவிட்டதில்லை. நினைவூட்ட அவள் போனில் சேவல் கூவும். பிரசவ அறையிலும் கூவியது. நர்ஸ் எஸ்தர் கட்டிலுக்கடியில் குனிந்து சேவலைத் தேடினாள்.

மகள் நிறைமதி பிறந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கருவிலிருக்கும் பிள்ளைக்குத் தாய் தன் நோயெதிர்ப்பில் ஒரு பங்கைச் சீதனமாகக் கொடுத்தனுப்புவாள். கக்குவான் இருமலுக்கான சீதனம் நிறைமதியிடம் சொற்பமாகவே இருந்தது.

"எல்லாத் தாயும் குடுக்கிறதக்கூட நான் குடுக்கலியே, டாக்டரம்மா" என்று இசக்கி அழுதாள்.

தடுப்பூசிக்குக் காத்திருந்த வாரங்களில், பிள்ளை பார்க்க வந்த நாத்தனார் ஒரு தடவை இருமினாள். "மைனி, வாசல்லயே நின்னு பாத்துக்கிடுங்க" என்றாள் இசக்கி. மைனி இன்றுவரை பேசவில்லை.

ஊசிகள் போட்டு முடிந்ததும் மறுபடி ரத்தம். நிறைமதியின் எதிர்ப்புச் சக்தி, நோயில்லாத தாய்மாரின் பிள்ளைகள் பலருடையதைவிட உயரத்தில் நின்றது. ரத்தம் பிடித்த சோதனைக் குழாய் மாறிவிட்டது என்று ஆவுடைநாயகி முடிவுகட்டி, ஆய்வகத்தாரை ஒரு பிடி பிடித்துவிட்டு, தானே திரும்பச் சோதித்தாள். அதே உயரம். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சீதனம் நிறைந்த உடம்பில், அந்தச் சீதனமே ஊசி மருந்தை ஓரளவு மறைத்துவிடும். பிள்ளை தானாகக் கற்பது குறையும். நிறைமதியிடம் மறைக்க ஆளில்லை. பாடம் முழுதும் காதில் விழுந்தது.

"அப்போ நான் குடுக்காததுதான் நல்லதா?"

"அப்படிச் சொல்லீராத. ஊசி போடுத வரைக்கும் சீதனம்தான் காவல். ஆனா உன் மக இப்போ சொந்தச் சம்பாத்தியத்துல நிக்கா."

ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை. நிறைமதிக்கு எச்.ஐ.வி. இல்லை. மறுநாளே இசக்கி மகளோடும் முதலூர் மஸ்கோத் அல்வாவோடும் ஆவுடைநாயகியின் அறைக்கு வந்து, கதவைச் சாத்தினாள்.

"எம்புள்ளைக்கு இந்த பலம் யாரால வந்துச்சோ, அவங்களுக்குத்தான் முதல் துண்டு."

எஸ்தர் கையை நீட்டினாள். "ஊசி போட்டது நானு."

"அது வேலை செஞ்சுதுன்னு கண்டுபிடிச்சது நானு" என்றாள் ஆவுடைநாயகி.

"நீங்க கண்டுபிடிக்கலைன்னா வேலை செய்யாதாக்கும்?"

"சண்டை வேண்டாம்" என்று இசக்கி இடுப்பிலிருந்த மகளைக் காட்டினாள். "ஊசி சொன்ன பாடத்தப் படிச்சவ இவதானே, இவளுக்கே குடுப்போம். நான்தான் ஒண்ணும் குடுக்கல."

அப்போது சேவல் கூவியது. இசக்கி பேச்சை நிறுத்தி மாத்திரையை விழுங்கினாள். நிறைமதி பதிலுக்குக் கூவினாள்.

சாட்சியம் முடிந்தது. சொல்லுங்கள்: முதல் துண்டு யாருக்கு உரியது?

விடை: எஸ்தர் பாடம் நடத்தினாள். நிறைமதி படித்தாள். ஆவுடைநாயகி மதிப்பெண் போட்டாள். அதற்கு அல்வா கிடையாது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றியிருந்தால், படிக்க வேண்டிய உடம்பே பழுதாகியிருக்கும். அதைப் பிள்ளையிடம் நெருங்கவிடாதது சேவல் கூவக் கூவ விழுங்கிய மாத்திரை. தாய் கொடுத்தது எவ்வளவு என்றே எல்லாரும் அளந்தார்கள், அவள் உட்பட. அவள் கொடுக்காமல் காத்த ஒன்றை யாரும் அளக்கவில்லை. ஆகவே முதல் துண்டு இசக்கிக்கு. எஸ்தரே அதை அவள் வாயில் திணித்தாள். இரண்டாம் துண்டுக்கு வழக்கு எழவில்லை. அதற்குள் நிறைமதி இரண்டு கைகளையும் பொட்டலத்துக்குள் விட்டிருந்தாள்.