ஓடைத் தண்ணீர் சொன்ன சாட்சி

ஆடு மேய்க்கும் மாராயியைப் பண்ணையார் ஊர்க்கூட்டத்தில் இழுத்து நிறுத்தினார். கரட்டுக் குன்றில் மேயும் அவள் ஆடுகள்தான் ஓடைத் தண்ணீரைக் கெடுக்கின்றனவாம்.

"நாளைக்குள்ள தண்ணி தெளியோணும். இல்லீனா உன் ஆடு கரட்டுப் பக்கமே தலை காட்டக் கூடாது!"

மாராயி ஓடையில் ஒரு செம்பு மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்குக் கண்ணு மங்கலுங்க. இதுல என்ன கெடக்குதுன்னு நீங்களே சொல்லீருங்க."

"மூக்குமா இல்லை? அத்தனையும் சாணி!"

"என் ஆடு போடறது புழுக்கைங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கரையோரக் கோரையை வெட்டி வழி பண்ணி, முப்பது எருமையை ஓடையில படுக்க விட்டது நீங்க. அதுகளை இன்னிக்கே கரையேத்தீருங்க. நீங்க சொன்ன மாதிரியே நாளைக்குத் தண்ணி தெளிஞ்சிரும்."