வாசலில் ஏழு ஜோடி

கரூரில் கொசுவலைத் தறிகளின் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அதை விற்கப் போய், மூன்று பேர் ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொன்னார்கள். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

வீட்டின் சொந்தக்காரர் பொன்னுரங்கம், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரங்கநாயகி இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. மனைவி இருந்தவரை சாயங்காலமானால் தெருப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் கலைந்துகொண்டிருப்பார்கள். இப்போது கல்யாணப் பத்திரிகையைக்கூட கேட்டருகே நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பூங்கொடி மட்டும் நோன்பு நாட்களில் பலகாரத்தை மதில் மேலாக நீட்டுவாள்.

"நல்லா இருக்கீங்களாங்க சார்?"

"இருக்கேன் அம்மணி."

சில வாரங்களில் அவர் வாய் திறந்து பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பில் அவருக்கு ஓர் அறை அமைந்தது. பெரிய வசதி எதுவும் கிடையாது. ஆனால் மூன்று வேளையும் நாற்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மாதக் கடைசிக்குள் வீடு விற்றால்தான் அறை. இல்லையென்றால் அது அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும்.

வெள்ளையடித்து, ஒழுகிய குழாயை மாற்றி, பரணைக் காலி செய்து, ஜன்னல் கம்பிகளுக்கு பெயின்ட் பூசியாயிற்று. அப்படியும், வந்த இரண்டு பேர் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோமுங்க" என்று போய்விட்டார்கள்.

"வீட்டுல குறையில்லீங்க" என்றார் தரகர் குப்புராஜ். "ஆள் வாசம்தான் இல்லை. வாசல்ல ஒரு ஜோடிச் செருப்பு, கட்டில்ல ஒரு தலையணை, அடுக்களையில ஒரு டம்ளர். பார்க்கிறவன் பயந்துக்கறான்."

"இருக்கிறதே ஒரு ஆள்தானப்பா."

"அது நமக்குத் தெரிஞ்சாப் போதும். வர்றவங்களுக்கு எதுக்குங்க?"

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆள் வருவதாக இருந்தது. குப்புராஜ் பூங்கொடி வீட்டிலிருந்து ஆறு ஜோடிச் செருப்பை வாங்கி வந்து, பொன்னுரங்கத்தின் செருப்போடு சேர்த்து வாசலில் கலைத்துப் போட்டார். வரிசையாக வைத்தால் செருப்புக் கடை போல் ஆகிவிடுமாம். கட்டிலில் இன்னும் இரண்டு தலையணை ஏறியது. பூங்கொடி கேட்டுக்கு வெளியே கோலம் போட்டாள். போட்டு முடித்தும் உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

பொன்னுரங்கம் கூடத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். உள்ளே ஏழு பேர் இருப்பது போலத்தான் இருந்தது. ஒரு முறை பின்னால் திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

வந்தவர் தெய்வநாயகி. அரசு மாணவியர் விடுதியில் முப்பது வருடம் காப்பாளராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறைகளை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நூறு பிள்ளைங்க சத்தத்துலயே இருந்து பழகிட்டேன்" என்றார். "இப்ப இருக்கிற பிளாட்டுல எதிர்வீட்டுக்காரங்க பேர்கூடத் தெரியாது. சுவரைப் பார்த்துச் சாப்பிட முடியலீங்க. இங்க வாசலைப் பார்த்துட்டுத்தான் உள்ள வந்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த வீட்டுக்கு மனுசங்க வந்து போவாங்களா?"

குப்புராஜ் வாசலைக் காட்டினார். "நீங்களே பார்த்தீங்களேம்மா. எந்நேரமும் ஜேஜேன்னு இருக்கும்."

பொன்னுரங்கம் பேசாமல் இருந்தாலே போதும். கோவை அறை அவருடையது. ஆனால் தெய்வநாயகி சொன்னது பொன்னுரங்கத்தின் சொந்தக் கதையாகவே இருந்தது.

"அத்தனையும் இரவல் செருப்பு" என்றார். "என்னோடது அதுல ஒரு ஜோடிதான். நாலு வருசமா இந்தப் படியேறி யாரும் வந்ததில்லை. துணை தேடி இந்த வீட்டை வாங்காதீங்க."

"இனி வித்த மாதிரிதான்" என்று முணுமுணுத்தார் குப்புராஜ்.

தெய்வநாயகி எழுந்து கேட்டுக்குப் போனார். பூங்கொடியிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"நீங்க குடி வந்தா வருவோமுங்க்கா" என்றாள் பூங்கொடி. "தினமும் வருவோம்."

செருப்பை இரவல் கொடுத்தவளும் அவள்தான். நான்கு வருடமாகப் படியேறாதவளும் அவள்தான்.

எந்நேரமும் வருவார்கள் என்றார் தரகர். யாருமே வருவதில்லை என்றார் விற்பவர். நீங்கள் வந்தால் வருவோம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தெய்வநாயகி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னது இவர்களில் யார்?

விடை: பூங்கொடி. குப்புராஜ் சொன்னது வியாபாரம். பொன்னுரங்கம் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது தன்னைப் பற்றி, தெய்வநாயகி கேட்டதோ வீட்டைப் பற்றி. ஆண் ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அந்தத் தெருப் பெண்கள் போவதில்லை. பெண் ஒருத்தி குடி வந்தால் கூடம் மறுபடி நிறையும். இது புரிய தெய்வநாயகிக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது, வீட்டை வாங்கிவிட்டார். பொன்னுரங்கம் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று மதிலருகே வந்து, "எம் மேல தெருவுக்கே ஏதோ கோபம்னு இருந்தேன் அம்மணி" என்றார். "அதெல்லாம் இல்லீங்க சார். பொம்பளை இல்லாத வீடு, நாங்க எப்படி வர்றது?" என்றாள் பூங்கொடி. "எங்க வீட்டுக்காரருக்குத்தான் வரணும்னு இருந்துச்சு. நீங்க கூப்பிடட்டும்னு இருந்துட்டாரு."